கழட்டிப் பூட்டின பைக் 50-க்கு மேல போனா ஹேண்டில் ஆடுதா? குற்றாலம் கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

தென்காசியில் ஜூன் பிறந்து, மலை உச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியதும் ஒர்க் ஷாப்களில் வண்டி வரத்து கூடிவிடும். சாரல் விழுந்தாச்சு, அருவியில தண்ணி கொட்டுது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ரெடியாகணும். அந்த அவசரத்தில் நடக்கும் உரையாடல்களில் ஒன்று பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, அம்பதுக்கு மேல போனா ஹேண்டில் கிடுகிடுன்னு ஆடுது."

"எப்ப இருந்து தம்பி?"

"போன வாரம் முன்பக்கத்தைக் கழட்டி கோன் செட் மாத்தினோம். அதுல இருந்துதான்."

"அதுக்கு முன்னாடி ஆடலையா?"

"இல்ல. திருப்பும்போது கடக்கு கடக்குன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். நேரா போறப்ப கல்லு மாதிரி நிக்கும்."

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: கோன் செட்டைச் சரியா பூட்டலை. பல நேரம் அது உண்மை. ஆனால் எப்போதும் இல்லை. கோன் செட் ஒழுங்காகப் பூட்டியிருந்தும் ஹேண்டில் ஆடலாம். ஏற்கெனவே வீலில் இருந்த ஒரு குறையைப் பழைய கோன் செட் தன் இறுக்கத்தால் மூடி வைத்திருக்கும். புதியது அதை வெளியே காட்டிவிடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நட்டை மேலும் மேலும் டைட் வைப்பதுதான் இந்தக் கோளாறில் நடக்கும் பெரிய தவறு.

இதைச் சும்மா விடக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு பக்கம் போகிறவர்களுக்குப் புளியரை எஸ் வளைவு தெரியும். எதிரே கேரளாவுக்குப் போய்வரும் லாரிகள், பின்சீட்டில் ஒருவர், டேங்க் மேல் ஒரு குழந்தை, ரோடு நனைந்து கிடக்கிறது. அந்த இடத்தில் ஹேண்டில் கைக்கு அடங்காமல் உதறினால் சமாளிக்க இடமும் இருக்காது, நேரமும் இருக்காது.

ஆட்டம் ஒன்றல்ல, இரண்டு

"வண்டி ஆடுது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வண்டி இரண்டு விதமாக ஆடும். ஹேண்டிலும் முன் வீலும் மட்டும் வேகமாக, நொடிக்கு சுமார் 6 முதல் 10 தடவை இடம் வலமாக உதறுவது ஒரு வகை. இதைத்தான் ஆங்கிலத்தில் வாபிள் என்கிறார்கள். இன்னொன்று மெதுவானது: நொடிக்கு இரண்டு மூன்று தடவை, முழு வண்டியும் பாம்பு போல நெளியும், பின்சீட்டில் இருப்பவருக்கும் இடுப்பில் தெரியும். அதன் பெயர் வீவ்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் ராபின் ஷார்ப் 1971-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த இரண்டையும் கணக்குப் போட்டுத் தனித்தனியாகக் காட்டியது. இன்றைக்கு பைக் நிலைத்தன்மை பற்றி யார் பேசினாலும் அந்தக் கட்டுரையைத் தொடாமல் போவதில்லை. ஒர்க் ஷாப்புக்கு அதனால் என்ன பயன் என்றால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. ஹேண்டில் மட்டும் படபடவென்று உதறினால் முதலில் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உடம்போடு சேர்ந்து வண்டியே நெளிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ், பின் வீல், பின்னால் கட்டிய சுமை என்று பின்பக்கத்தில் தொடங்க வேண்டும்.

உதறல் எப்படி வருகிறது? சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கின் முன் வீலும் ஒரு வகையில் அதே மாதிரிதான். ஹேண்டில் திரும்பும் அச்சை நேர்க்கோடாகத் தரை வரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். அதனால் வீல் எந்தப் பக்கம் விலகினாலும் தரை அதை நடுவுக்கு இழுக்கும். நடுவுக்கு வரும் வீல் அங்கேயே நிற்காது, கொஞ்சம் தாண்டி மறுபக்கம் போகும். தரை திரும்பவும் இழுக்கும். நல்ல வண்டியில் இந்த ஊசல் இரண்டு மூன்று தடவையில் அடங்கிவிடும். எங்கேயாவது லூஸ் இருந்தால் அடங்காது. தொட்டிலை ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் தட்டிவிடுவது போல யாராவது தட்டிக்கொண்டே இருந்தால், கூடிக்கொண்டே போகும்.

ஏன் சரியாக 50, 60-ல் மட்டும்?

அப்படித் தட்டிவிடுவது யார்? பெரும்பாலும் வீல்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். சாதாரண 100, 125 சிசி பைக்குகளில் வரும் 18 இன்ச் வீல், டயரோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 13.9 மீட்டர். அதாவது வீல் நொடிக்கு 7 தடவைக்கு மேல் சுற்றுகிறது. 60-ல் கிட்டத்தட்ட 9 தடவை. ஹேண்டில் இயல்பாக உதறும் வேகம் 6 முதல் 10 என்று மேலே பார்த்தோம். இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது. ரிம்மில் ஒரு சின்ன வளைவு, டயரில் ஒரு மேடு இருந்தால் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு.

"அம்பத்தஞ்சுல ஆடுது, எழுபது தாண்டினா நின்னுடுது" என்று பலர் சொல்வதன் ரகசியம் இதுதான். அப்படி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போனால் சந்தேகத்தை முதலில் வீல், டயர் மேல் வைக்கலாம். சின்ன வீல் உள்ள ஸ்கூட்டரில் அதே பொருத்தம் 35, 40-லேயே வந்துவிடும். 70 தாண்டினால் நின்றுவிடுகிறதே என்று அதற்கு மேலேயே ஓட்டிக்கொண்டிருப்பது பைத்தியக்காரத்தனம். பிரேக் பிடிக்கும்போது அந்த வேகத்தைக் கடந்துதானே கீழே வர வேண்டும்?

முதலில் கோன் செட்

ஹேண்டிலைத் தாங்கும் டி-யின் தண்டு, சேஸின் தலைக்குழாய்க்குள் நுழைந்து வெளியே வருகிறது. அந்தக் குழாயின் மேலும் கீழும் கிண்ணம், கோன், நடுவில் பால்ஸ். இதுதான் கோன் செட். விலை சில நூறு ரூபாய். வண்டியின் நேர்கோடு முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

சோதிக்க ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்னால் அழுத்திப் பிடித்தால் முன் வீல் தரையை விட்டு எழும்பும். இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ள வேண்டும். டக் டக் என்று கையில் தட்டினால் லூஸ். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும் பழைய வழியும் உண்டு. ஆனால் டிஸ்க் பிரேக் வண்டிகளில் பேடு அசையும் சத்தமும் அதே மாதிரி கேட்டு ஏமாற்றிவிடும். கீழ் டி-யும் தலைக்குழாயும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலுக்குக் கீழே அசைவு இருந்தால் கோன் செட், இல்லாவிட்டால் வேறு எங்கோ.

அடுத்து, வீல் அந்தரத்தில் இருக்கும்போதே ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாக ஒரு பக்கம் தட்டிவிட வேண்டும். தானாகவே அந்தப் பக்கம் போய் விழ வேண்டும். இரண்டு பக்கமும் அப்படித்தான். பாதியில் நின்றால் டைட் அதிகம். நடுவில் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது போல நின்றால் கிண்ணத்தில் காடி விழுந்திருக்கிறது. அந்த உரையாடலில் கேட்ட 'கடக்கு கடக்கு' இதுதான்.

இங்கேதான் அந்த மூடிய குறை வருகிறது. காடி விழுந்த பழைய கோன் செட் ஹேண்டிலை நடுவிலேயே பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடிப்பு உதறலுக்கும் சேர்த்து பிரேக் போட்ட மாதிரி. அதனால்தான் "நேரா போறப்ப கல்லு மாதிரி நிக்கும்". புது செட் போட்டதும் ஹேண்டில் லேசாகிறது. ரிம்மில் இருந்த வளைவு இப்போது நேராகக் கைக்கு வருகிறது. ஹேண்டிலில் வேண்டுமென்றே கொஞ்சம் உரசலை வைப்பது ஒன்றும் புதிதல்ல. பழைய புல்லட்டுகளில் ஹேண்டில் நடுவில் ஒரு திருகுக் குமிழ் இருக்கும். அது ஸ்டியரிங் டாம்பர், இந்த ஆட்டத்தை அடக்கத்தான். ஆனால் அந்த வேலையை கோன் நட்டை இறுக்கிச் செய்யக் கூடாது. இறுக்கினால் உதறல் மறைவது போல இருக்கும். 20, 30 வேகத்தில் வண்டி தானாக நேர்கோட்டுக்கு வராமல் அலையும், புது கிண்ணத்திலும் சீக்கிரமே காடி விழும்.

பூட்டியதிலேயே தவறு என்றால் அது பெரும்பாலும் கிண்ணம் முழுசாக உட்காராததுதான். கிண்ணத்தைத் தலைக்குழாயில் தட்டி இறக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினாலோ, கடைசி ஒரு நூலிழை பாக்கி இருந்தாலோ, அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரண்டு நாள் பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு கிண்ணம் மீதி தூரத்தையும் போய் உட்காரும்; அந்த அளவுக்கு லூஸ் விழும். அனுபவமுள்ள கை இதைக் காதால் கண்டுபிடிக்கும். முழுசாக இறங்கிய கிண்ணத்தைத் தட்டினால் மந்தமான சத்தம் மாறி 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். பால்ஸ் எண்ணிக்கை குறைவது இன்னொரு சங்கதி. கிரீஸில் ஒட்டி வைத்த பால்ஸில் ஒன்று தண்டை ஏற்றும்போது நழுவிக் கீழே விழுந்தால் யாருக்கும் தெரியாது. கழட்டும்போதே எண்ணி வைப்பதும், மேனுவலில் போட்டிருக்கும் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

டைட் வைப்பதற்கும் முறை இருக்கிறது. முதலில் சி ஸ்பேனரில் நட்டைக் கொஞ்சம் நன்றாகவே இறுக்கி, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக சில தடவை திருப்ப வேண்டும். பால்ஸ் இடம் பிடிக்கும். பிறகு நட்டை லூஸ் பண்ணி, அசைவு இல்லாத, ஆனால் ஹேண்டில் தானாக விழும் அந்த ஒரு புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். மேல் பிளேட்டையும் அதன் நட்டையும் பூட்டியதும் இந்த அளவு மாறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசி நட்டு இறுகிய பிறகு முதல் சோதனையை இன்னொரு தடவை செய்ய வேண்டும். மேனுவலில் டார்க் அளவு இருந்தால் யோசிக்காமல் அதைப் பின்பற்றலாம்.

ஹேண்டில் தானாக விழாததற்கு கோன் செட்டே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். பூட்டும்போது கிளட்ச் கேபிளையோ ஒயரிங்கையோ தவறான பக்கம் கொண்டுபோயிருந்தால் அது ஹேண்டிலைப் பிடித்து இழுக்கும். இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை முழுசாகத் திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம்.

ஃபோர்க்கில் நிற்கும் முறுக்கு

கோன் செட் மாற்ற ஃபோர்க், வீல், மட்கார்டு எல்லாவற்றையும் கழட்டித்தான் ஆக வேண்டும். திரும்பப் போடும்போது இரண்டு ஃபோர்க் குழாய்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நூல் அளவு வித்தியாசம்கூட ஆக்ஸிலைச் சாய்த்துவிடும். அதைவிட அடிக்கடி நடப்பது வரிசைத் தவறு. கீழ் டி போல்ட், மட்கார்டு போல்ட், ஆக்ஸில் என்று கைக்கு வந்த வரிசையில் இறுக்கிவிட்டால், குழாய்களுக்குள் இருக்கும் சின்ன முறுக்கு அப்படியே பூட்டுப்பட்டுவிடும். ஹேண்டில் நேராக இருக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இதற்கு வைத்தியம் சுலபம். வண்டியைத் தரையில் இறக்கி, ஆக்ஸில், கீழ் டி, மட்கார்டு போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை முன்பக்கத்தை நன்றாக அழுத்தி விட வேண்டும். முறுக்கு தானாக விடுபடும். பிறகு கீழ் டி, ஆக்ஸில், கடைசியாக மட்கார்டு என்று இறுக்கலாம். ஃபோர்க்கின் அடியில் ஆக்ஸிலைக் கவ்வும் பிஞ்ச் போல்ட் உள்ள வண்டிகளில் அதை இறுதியில்தான் டைட் வைக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் கோணல் போகாவிட்டால் ஃபோர்க் பெண்டு. எப்போதோ விழுந்து எழுந்த வண்டியாக இருக்கலாம்.

டிரம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை பார்த்துவிடுங்கள். பிரேக் பிளேட்டில் இருக்கும் காடி, ஃபோர்க்கில் இருக்கும் மேட்டில் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சுற்றி வீலை நிறுத்திவிடும். அது ஆட்டம் இல்லை, நேராகக் குப்புறத் தள்ளும் சங்கதி. ஸ்பேசர் இடம் மாறியிருக்கிறதா, ஸ்பீடோமீட்டர் பல்லின் காது வீலில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வீல், டயர், பின்பக்கம்

ரிம் நேரா என்று பார்க்க மெஷின் வேண்டாம். ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனை ரிம்மை உரசும் அளவுக்கு வைத்து வீலைச் சுற்றிவிட்டால் இடைவெளி கூடுவதும் குறைவதும் கண்ணுக்கே தெரியும். ஸ்போக் வீலில் சரி செய்துவிடலாம்; அலாய் வீல் வளைந்திருந்தால் மாற்றுவது நல்லது. பிறகு டயர். ரிம்மை ஒட்டி டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பக்கவாட்டு அம்புக்குறி சுழலும் திசையில்தான் இருக்கிறதா? காற்று ஸ்டிக்கரில் சொன்ன அளவா? கடைசிக் கேள்வியில் முடிந்துபோன கேஸ்கள் நிறைய உண்டு.

பின் வீலைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஸ்விங் ஆர்முக்கும் சேஸுக்கும் நடுவில் அசைந்தால் புஷ் போயிருக்கிறது. வீல் மட்டும் அசைந்தால் பேரிங். செயின் டைட் வைத்தபோது இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் இருந்தாலும் அதை அப்படியே நம்ப வேண்டாம். பின் டயரின் இரண்டு பக்கமும் உரசினபடி நூலை முன்னால் வரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். முன் டயருக்கு இரண்டு பக்கமும் சமமான இடைவெளி இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் குற்றாலம் போகும்போது மட்டும் ஆடுகிறது என்றால் கேரியரைப் பார்க்க வேண்டும். பின்னால் கட்டிய பை, டாப் பாக்ஸ், இரண்டு பேர் எடை என்று பின்பக்கம் அமுங்கினால் முன் வீல் லேசாகும். கொஞ்சம் லூஸ் இருக்கும் வண்டிக்கு அந்த லேசே போதும்.

அருவித் தண்ணியும் கிரீஸும்

தென்காசி வட்டாரத்து வண்டிகளுக்கென்றே ஒரு கூடுதல் பிரச்சினை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வந்து போகும் வண்டிகள் மணிக்கணக்கில் சாரலில் நிற்கின்றன. நனைந்த ரோட்டில் முன் வீல் வாரி அடிக்கும் தண்ணீரும் மணலும் நேராகப் போய்ச் சேரும் இடம் கீழ்க் கிண்ணம். அதனால் மேல் கிண்ணம் புதுசு மாதிரி இருக்கும்போதே கீழே துரு பிடித்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் வாட்டர் வாஷ் விட்டு, அழுத்தத் தண்ணீரைத் தலைக்குழாய் மேலேயே அடித்தால் மிச்சமிருக்கும் கிரீஸும் போய்விடும். சீசன் முடிந்து அக்டோபரில் ஒரு தடவை கழட்டி, துடைத்து, தண்ணீர் தாங்கும் கிரீஸ் வைப்பது பலருக்குத் தெரிந்த வேலைதான். செய்பவர்கள் குறைவு.

ஓடும்போது உதறினால்?

ஹேண்டிலை இரும்புப் பிடியாகப் பிடிக்கத்தான் கை போகும். கையின் விறைப்பும் உதறலோடு சேர்ந்துகொள்ளும் என்பதால் அது பெரும்பாலும் உதவாது. முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டு, கையை விடாமல் பிடியை மட்டும் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறைக்க வேண்டும். முன் பிரேக்கைப் பட்டென்று பிடிக்கக் கூடாது. வேகம் இறங்கினால் அடங்கும். "ரெண்டு கையையும் விட்டுப் பாரு, ஆட்டம் தெரியும்" என்று சிலர் சொல்லும் சோதனையை யாரும் செய்ய வேண்டாம். ஸ்டாண்டில் வைத்தே எல்லாம் தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டம் தனியாக, பகலில், காய்ந்த ரோட்டில், 40-க்குள் இருக்கட்டும். பின்சீட்டில் யாரும் வேண்டாம். தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் போய்வரும் தூரமே சோதிக்கப் போதும். மலை ரோடு பிறகு. புது கோன் செட் ஓட ஓடத்தான் இடம் பிடிக்கும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீலைத் தூக்கி, ஃபோர்க்கை இழுத்துப் பார்த்து லூஸ் இருந்தால் திரும்ப டைட் வைக்க வேண்டும். இதற்காக ஒர்க் ஷாப்பில் சிலர் ஒரு சின்ன வேலை செய்வார்கள். கடைசி நட்டிலிருந்து மேல் பிளேட் வரை பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.